செக்கண்ட் எம்.பி. பிசியோலஜி: தவளைத் தோலைத் தாண்டிப் போகாதீர்கள்

மருத்துவபீடத்துச் சோதனையான செக்கண்ட் எம்.பி. றிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். கனகாலத்துக்குப் பிறகு நேற்றிரவுதான் ஒழுங்காக நித்திரை கொண்டேன். ஜூனியர்மார் குப்பி (சீனியர்மார் எடுக்கிற மீட்டல் வகுப்பு) வைக்கச் சொல்லி பரமேஸ்வராச் சந்தியில் பிளேன்டீ குடிக்கவும் விடுகிறார்கள் இல்லை. முழுப் பிசியோலஜியும் என்னால் முடியாது. மேலணிக்குள்ளால் (தோல், குடல் போன்றவற்றை மூடியிருக்கும் கலப்படைக்குள்ளால்) அயன்கள் போகிற பகுதி எனக்குப் பிடிக்கும், அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பட்சில் பாதிப்பேர் இதைச் சிறுநீரகத்துக்கு ஒருக்கா, குடலுக்கு ஒருக்கா, வியர்வைக்கு ஒருக்கா என்று தனித்தனியாகப் பாடமாக்கினார்கள், பாவம். எனக்குப் பாடமாக்கல் சரிவராது, அதனால் தவளையில் தொடங்கினேன். கொப்பன்ஹேகனில் உஸிங்கும் செரானும் 1951 இல் வெளியிட்ட பரிசோதனையை ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். உரித்த தோலை இரண்டு அறைகளுக்கு நடுவில் பூட்டி, இரண்டு பக்கமும் ஒரே ரிங்கர் கரைசல் (உடற்பாய்பொருள் போன்ற உப்புக் கரைசல்). தோல் தானாகவே உட்பக்கம் நேர் ஏற்றமாக (+) வரும்படி ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும், அதை வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்துப் பூச்சியமாக்குகிறார்கள். இப்போது செறிவு வித்தியாசமும் இல்லை, மின் வித்தியாசமும் இல்லை, ஆனாலும் சோடியம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கொடுத்த மின்னோட்டமும் சோடியத்தின் தேறிய ஓட்டமும் சமன். கலம் சக்தி செலவழித்துத்தான் ஏற்றுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி நான் கத்திச் சொல்லப்போகிற ஒரே விசயம். பேனையைத் தூக்கியதும் ஒரு பெட்டி கீறி, எது வெளிப்பக்கம், எது இரத்தப்பக்கம் என்று எழுதுங்கள், வசனமெல்லாம் பிறகு. சோடியம் வெளிச்சவ்வின் கால்வாயால் சும்மா இறங்கும். சக்தி செலவழிக்கிற சோடியம்-பொற்றாசியம் பம்பு இருப்பது இரத்தப்பக்கத்தில்: 3 சோடியம் கலத்திலிருந்து இரத்தப்பக்கத்துக்கு, 2 பொற்றாசியம் கலத்துக்குள், அந்தப் பொற்றாசியம் அதே பக்கத்தால் திரும்பக் கசியும். பம்பை வெளிப்பக்கத்தில் கீறிவிட்டு மாக்ஸ் வரவில்லை என்கிறவர்கள் பட்சுக்குப் பட்சு இருக்கிறார்கள்.

- கால்வாயை அடைக்கும் அமிலோரைட்: வெளிப்பக்கம். பம்பை நிறுத்தும் ஊபெயின்: இரத்தப்பக்கம். மாற்றி விட்டால் தவளைத் தோல் கணக்கெடுக்காது.
- அல்டோஸ்ரரோன், ஏ.டி.எச். ஆகிய ஹோர்மோன்கள் இரண்டும் சோடிய ஓட்டத்தைக் கூட்டும்.
- சிறுநீரகத்தின் சேகரிக்கும் கான், பெருங்குடல்: அதே பெட்டிதான், குழாயின் உள்வெளிதான் இங்கே வெளிப்பக்கம்.
- குளோரைட்டுச் சுரப்பிலும் பம்பு இடம் மாறாது. குளோரைட்டு இரத்தப்பக்கத்தால் சோடியம், பொற்றாசியத்தோடு ஏறி, சி.எப்.ரி.ஆர். என்ற வெளிப்பக்கக் குளோரைட்டுக் கால்வாய் வழியாக வெளியே போகும். கொலரா நஞ்சு திறந்துவிடுவது இந்தக் கதவைத்தான். குளுக்கோசோடு சோடியம் ஏறுகிற வழி அப்போதும் வேலை செய்வதால்தான் ஜீவனி (உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசல்) குடிக்கக் கொடுக்கிறோம்.
- கோரொயிட் பின்னல் (மூளைய முண்ணாண் பாய்பொருளைச் சுரக்கும் இடம்): இங்கே பம்பு மற்றப்பக்கம், அந்தப் பாய்பொருளைப் பார்த்தபடி. எம்.சி.கியூ. போடுகிறவர்களுக்கு இதில் தனி ஆசை.

வைவாவில் சிஸ்ரிக் பைப்புரோசிஸ்காரரின் (பிறப்பிலேயே சி.எப்.ரி.ஆர். பழுதானவரின்) வியர்வை ஏன் உப்பு என்று கேட்டால் நுரையீரலை இழுத்துக் கதைக்கத் தொடங்காதீர்கள். வியர்வைக் கானைக் கீறி, குளோரைட்டு உள்ளே திரும்ப முடியாததால் சோடியமும் அதோடு வெளியே தங்கிவிடுகிறது என்று காட்டிவிட்டு வாயை மூடுங்கள்.