செக்‌ஷன் 22 காகிதமும் ஒரு நாடகமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் காதில் விழும் என்று நம்பி வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விழாது. 1860இல் தொடங்கி கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம் இது. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், பேசுவது மட்டும் ஆங்கிலம். என் மனைவி இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். நான் திருநெல்வேலிக்காரி. ஆமாம், இரண்டு பேரும் பெண்கள்தான். 2006லிருந்து இந்த நாட்டில் நாங்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். மாமியார் சம்மதிக்கக் கொஞ்சம் கூடுதலாகவே நாள் பிடித்தது, அது தனிக் கதை.

விசாவுக்காக, எங்கள் உறவு நிஜம்தானா என்று விசாரித்தார்கள். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்துக் கேள்வி. அவள் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்? வாடகை யார் கணக்கிலிருந்து போகிறது? வெளியே வந்ததும் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தோம். விசா கிடைக்காமல் போயிருந்தாலும் எனக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது, அதனால்தான் சிரிக்க முடிந்தது. அகதிகளைப் பற்றிய ஒரு நாடகத்தைப் பார்க்கும்வரை இது எனக்கு உறைக்கவில்லை.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் ஒரு சாதாரண ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள். புருண்டி, உகாண்டா, காங்கோ நாடுகளிலிருந்து தப்பி வந்த தன்பாலீர்ப்பாளர்களிடமும் திருநர்களிடமும் எடுத்த பேட்டிகளை வைத்துச் செய்த ஆவண நாடகம். நடிகர்கள் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். பதிவான குரல் அதில் ஓட ஓட, அப்படியே பேசுகிறார்கள். பேட்டி கொடுத்தவர் இருமிய இடத்தில் இவரும் இருமுகிறார், அவர் திணறிய இடத்தில் இவரும் திணறுகிறார். குரலுக்குச் சொந்தக்காரரின் முகமும் பெயரும் மேடைக்கு வருவதில்லை. ஒருவேளை அவர் நமக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். முதல் பாதியில் சோக வயலினைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அந்தக் குரல்களுக்கு அது தேவையே இல்லை.

காகிதத்தில் இந்த நாட்டுக்குக் குறையே இல்லை. பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த முதல் நாடு இது. 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டமும், அடைக்கலம் கேட்பதற்கான காரணங்களில் பாலீர்ப்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உகாண்டா 2023இல் கொண்டுவந்த சட்டத்தில் ஆயுள் தண்டனை உண்டு, சில வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனையும் உண்டு. அங்கிருந்து ஓடுகிறவர் தென்னாப்பிரிக்காவை நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

நாடகத்தில் என்னை உலுக்கியது புருண்டிக்காரர் ஒருவரின் நேர்காணல் காட்சி. அவர் ஊரில் 2009லிருந்து தன்பாலுறவு குற்றம். இங்கே அதிகாரியின் முன்னால் உட்காருகிறார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், அவரும் புருண்டி. ஒருவேளை இவர் போகிற அதே சர்ச்சுக்குப் போகிறவர். நாளைக்குள் சமூகம் முழுக்கத் தெரிந்துவிடும். மனிதர் வாயைத் திறந்து, “அரசியல் பிரச்சினை” என்று சொல்லிவிடுகிறார். பிறகு தைரியம் வந்து மேல்முறையீட்டில் உண்மையைச் சொன்னால், “முன்னுக்குப் பின் முரண்” என்று நிராகரிக்கிறார்கள். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. மேடையில் நடிகர் அந்த இடத்தில் பேசாமல் நின்றார். இயர்போனில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது, பேட்டியிலும் அவர் அத்தனை நேரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

அப்புறம் செக்‌ஷன் 22 காகிதம். முடிவு வரும்வரை தங்குவதற்கான தற்காலிக அனுமதி இது. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வருஷக்கணக்கில் அதையே புதுப்பித்துக்கொண்டு இருப்பவர்கள் ஏராளம். தேதி தாண்டினால் வங்கிக் கணக்கு முடங்கும், வேலை கொடுத்தவர் கையை விரிப்பார். கடைவாசலில் கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்குகிற காங்கோக்காரர்களை டர்பனில் எல்லோரும் பார்த்திருப்போம். அவர்களில் ஒருவர் ஊரில் ஆசிரியராக இருந்தவர் என்று நாடகத்தில் வருகிறது.

முடிந்ததும் கலந்துரையாடல். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா எழுந்து, இனவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். செத்தவனுடைய பாஸை எடுத்து வாழ்கிற ஒருவனைப் பற்றி 1972லேயே இங்கே நாடகம் போட்டார்களே, ‘சிஸ்வே பான்சி செத்துப்போனான்’, அதை நினைவுபடுத்தினார். அது வேறு சட்டம், இது வேறு சட்டம் என்று ஒரு இளைஞர் மறுத்தார். எனக்கென்னவோ தாத்தா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

அடுத்த காட்சிக்கு மாமியாரை அழைத்துப் போனோம். 2015 ஏப்ரலில் வெளிநாட்டவரை அடித்துத் துரத்தியபோது சாட்ஸ்வொர்த்தில் போட்ட முகாமுக்குப் பானை பானையாகப் பிரியாணி செய்து அனுப்பியவர் அவர். நாடகத்தில் ஒரு வீட்டுக்காரம்மா வருகிறாள். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வது தெரிந்ததும் காலிபண்ணச் சொல்கிறாள். கேட்டால், வாடகை பாக்கி என்கிறாள். பாக்கி இருந்ததும் உண்மைதான், காகிதம் காலாவதியாகி வேலை போயிருந்தது. அவள் பேட்டியையும் அப்படியே வைத்திருந்தார்கள்.

வரும் வழியில் காரில் மாமியார், “அந்தப் பொம்பளையைத் திட்டிக்கிட்டே வர்றீங்களேம்மா, மூணு மாச வாடகை வரலேன்னா நானும்தான் காலிபண்ணச் சொல்வேன்” என்றார். என் மனைவி அவரோடு வீடு வரும்வரை சண்டை போட்டாள். மாமியார் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் போன் செய்து, அடுத்த காட்சி என்றைக்கு, தன் அக்காவையும் கூட்டிவரலாமா என்று கேட்டார்.