"மிளகாய் இலை சுருட்டுது, மருந்து குடுங்க"

உரக்கடையில் போய் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பூச்சிமருந்தையும் ஒரு பூஞ்சைமருந்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சுருட்டுவது எது என்று பார்க்காமல் அடித்தால் இரண்டில் ஒன்றாவது வீண். பல நேரம் இரண்டுமே.

முதலில் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகு போல இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு மட்டும் நீண்டு எலிவாலாகத் தெரிந்தால் முரணைச் சிலந்தி, சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி. சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் போதும், உச்சிவெயிலில் மட்டும் அடிக்காதீர்கள், இலை பொசுங்கிவிடும். நரம்பு தடித்து, கணு நெருங்கி, செடியே குட்டையாகிக் கொத்துக் கொத்தாக நின்றால் அதுதான் வைரஸ்.

வைரஸுக்குத் தானாகச் செடிக்குள் நுழையும் வழி கிடையாது. வெள்ளை ஈ நோய்ச் செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் ஊசியை இறக்கும்போது கூடவே இறங்குகிறது. உள்ளே போனபின் செடியின் செல்லையே தன்னைப் பெருக்கும் பட்டறையாக்கிக்கொள்ளும். அதைக் கொல்ல மருந்தே இல்லை. பூப்பதற்கு முன் நோய் கண்ட செடியைப் பிடுங்குவதுதான் வழி. அதிலும் விடியற்காலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, சாக்கைச் செடிமேல் கவிழ்த்துப் பிடுங்க வேண்டும். உலுக்கிப் பிடுங்கினால் ஈயைப் பக்கத்துப் பாத்திக்கு நாமே அனுப்பிவைத்த மாதிரி. ஈயைக் குறைக்க வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேருங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஈ அங்கேதான் இருக்கும்.

பூஞ்சைக்கு ஆள் துணை வேண்டாம். நெல் குலைநோய்ப் பூஞ்சை இலைமேல் ஒட்டிக்கொண்டு, காற்றழுத்தத்தைப் போல 80 மடங்கு அழுத்தத்தைத் தனக்குள் ஏற்றி, தோலைக் குத்தித் துளைத்துவிடும். ஆனால் அதற்கு ஈரம் கட்டாயம். மார்கழி, தை மாதப் பனி இலையிலும் காயிலும் நெடுநேரம் நிற்கிறதே, அது போதும். நம் ராமநாதபுரத்து முண்டு மிளகாயில் கிளை நுனி கருகி, பழத்தில் வட்டக் குழியும் அதில் வளையம் வளையமாகக் கரும்புள்ளியும் விழுவது பூஞ்சையால். கண்டதும் மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம், 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. இது விதையிலேயே வரும் நோய். புள்ளி விழுந்த பழத்தின் விதையைச் சேர்த்துவைத்தால் அடுத்த வருச நோயையும் சேர்த்தே விதைக்கிறோம். நல்ல பழத்து விதையானாலும் கிலோவுக்கு 4 கிராம் திரம் என்ற பூஞ்சைமருந்து கலந்துதான் விதைக்க வேண்டும். 2023-ல் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷம்தான், ஆனால் வெளுத்த வத்தலுக்கு எந்தக் குறியீடும் விலை ஏற்றிக் கொடுக்காது.

பாக்டீரியாவால் துளைக்க முடியாது. காயத்திலோ இலையோரத்தில் நீர் கசியும் நுண்துளையிலோ நுழையும். அதனால்தான் திருவாடானைப் பக்கம் காற்றோடு மழை அடித்து ஓய்ந்தபின் நெல் இலை ஓரம் அலையலையாக மஞ்சளாகிக் கருகுகிறது. கடலோரத்தில் ஒரு குழப்பம் உண்டு: உப்பு ஏறினாலும் நுனி இப்படித்தான் காயும். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் விட்டு அதில் வெட்டுவாய் படும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா. ஒன்றும் இறங்காவிட்டால் உப்பைச் சந்தேகப்படலாம். திடீரென வாடிய மிளகாய்ச் செடியின் தண்டுக்கும் இதே சோதனைதான்.

பாக்டீரியா என்று தெரிந்தால் யூரியாவை நிறுத்துங்கள், தழைச்சத்து கூடக்கூட நோய் ஓடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ புதுச் சாணம் கரைத்து, தெளியவைத்து, துணியில் வடித்து அடிக்கலாம். 15 நாள் கழித்து இன்னொரு முறை. சரியாக வடிக்காவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி வயலில் நின்றுவிடும்.