ஊழியத்திலிருந்து மீண்டும் வகுப்பறைக்கு: இறையியல் தேர்வு எழுதிய அனுபவம்

இறையியல் பட்டத்தின் இறுதித் தேர்வு முடிவுகள் சென்ற வாரம் வெளிவந்தன. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் உட்பட எல்லாத் தாள்களிலும் தேறியிருப்பதைக் கண்டு, இருந்த இடத்திலேயே முழங்காலிட்டு ஆண்டவருக்கு நன்றி செலுத்தினேன். நெடுங்காலம் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் இருந்துவிட்டு, நடுவயதில் மீண்டும் புத்தகத்தைத் திறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் வினாத்தாளின் அமைப்பும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விளக்கவில்லை.

ஒரு காரியத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மைப் போன்றவர்களின் படிப்பைக் கெடுப்பது சோம்பலோ கேளிக்கையோ அல்ல, நல்ல காரியங்களே. கிரேக்க வினைச்சொல்லின் வாய்பாட்டை மனனம் செய்ய உட்காரும்போதுதான், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பாரம் நெஞ்சை அழுத்தும். துக்க வீட்டுக்குப் போக வேண்டியது நினைவுக்கு வரும். அழைத்தவரிடம் "இப்போது முடியாது" என்று சொல்ல மனச்சாட்சி இடம் கொடுக்காது.

இதற்கு எனக்கு வழி காட்டியது திருச்சபை வரலாற்றுத் தாளுக்காகப் படித்த, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கை. 1521இல் போரில் கால் முறிந்து, படுக்கையில் மனம் திரும்பிய அந்த வீரர், பிறருக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று தீர்மானித்து, முப்பது வயதைக் கடந்த பிறகு பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். மனனம் செய்ய முயலும்போதெல்லாம் ஆவிக்குரிய புதிய வெளிச்சங்கள் பெருகி வந்து அவருடைய கவனத்தைக் கலைத்தன. ஜெபத்திலும் திருப்பலியிலும்கூட வராத அவை படிப்பின்போது மட்டும் ஏன் வருகின்றன என்று யோசித்து, அது சோதனையே என்று கண்டுகொண்டார். உடனே தம் ஆசிரியரை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லி, உண்ண ரொட்டியும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் ஒரு பாடத்தையும் தவறவிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அவருக்கு வரவில்லை.

நானும் அப்படியே செய்தேன். எங்கள் போதகரிடம் சென்று, மாலையில் குறிப்பிட்ட நேரத்தைப் படிப்புக்கென ஒப்புக்கொடுப்பதாக அவர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தேன். தனக்குத்தானே போடும் கால அட்டவணையை ஓர் அவசர அழைப்பு உடைத்துவிடும். இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு அவ்வளவு எளிதில் உடைவதில்லை. தனித்திருந்து படிப்பதில் வல்லவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். மனிதர்களோடு பழகியே வாழ்ந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

ஊழியத்தை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரே காலத்தில் குவித்துக்கொள்ளலாம். பாரிசில் படித்தபோது இஞ்ஞாசியாரின் நாட்கள் பிழைப்புக்காக யாசிப்பதிலேயே கரைந்தன. ஆண்டில் இரண்டு மாதம் இன்றைய பெல்ஜியப் பகுதியான பிளாண்டர்சுக்குப் போய் ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு துறவி சொன்னார். அவ்வாறு செய்தபின் படிப்புக்கு நேரம் கிடைத்தது. நான் நெடுந்தூரச் சந்திப்புகளை விடுமுறைக்கு ஒதுக்கி, வகுப்புகள் நடக்கும் பருவத்தில் மருத்துவமனையின் ஒரே ஒரு வார்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"ஊழியத்துக்குப் பட்டம் எதற்கு?" என்று சபையிலேயே கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் வலித்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் (பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர்), அங்கேயே தங்கித் தெரிந்ததைச் செய்திருக்கலாம். அவரோ அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு திரும்பி வந்தார். அவர் படித்த ஆண்டுகளிலும் இங்கே பெண்கள் மடிந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த ஆண்டுகளை வீண் என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாக:

- கிரேக்கம்: யோவானின் முதல் நிருபத்தில் தொடங்குங்கள். சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும். தினமும் சிறிதளவாவது வாய்விட்டு வாசியுங்கள்.
- திருச்சபை வரலாறு: 325, 381, 431, 451 ஆகிய ஆண்டுகளில் ஆயர்கள் கூடிய நான்கு பொதுச் சங்கங்களையும் அவை தீர்த்த கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.
- புதிய ஏற்பாடு: மாற்கு, மத்தேயு, லூக்கா மூன்றையும் அருகருகே வைத்து வாசிக்காமல் ஒத்தமை நற்செய்திகள் பற்றிய வினா பிடிபடாது.
- மேய்ப்புப் பணியும் நெறியியலும்: நம் அனுபவம் உதவும் இடம் இதுதான். ஆனால் முதலில் திருமறைப் பகுதி, அடுத்து இறையியல் வாதம், அதன் பிறகே அனுபவம். கண்ணீர் வரவழைக்கும் சாட்சியை விடைத்தாளில் எழுதாதீர்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் ஒருபோதும் எழுதாதீர்கள்.

தேர்வுக்கு முந்தைய மாதம் உங்களை எதிர்பார்த்திருக்கும் நோயாளிகளிடம் நேரில் சென்று, எப்போது திரும்புவீர்கள் என்பதைச் சொல்லி, உங்களுக்குப் பதிலாக வருபவரை அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது.