வாட்டர் பெட் யார் வீட்டில் இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ். பி.காம். முடித்ததும் வாளையார் செக்போஸ்ட்டை ஒட்டிய ஒரு கடையில் சேர்ந்தேன். லாரிக்காரர்கள் நீட்டும் பில்லைப் பார்த்துச் சரக்கு விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரி செக்போஸ்ட் போனது, கூடவே கடையும் போனது. அப்புறம் இளநீர் லோடு கணக்கு, மொபைல் கடை, கோவையில் துணி குடோன். சம்பளம் வந்தது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

என்னை ஐ.டி. வேலைக்குக் கொண்டுபோனது ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த பாலியேட்டிவ், அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு வேலை. படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸும் தன்னார்வலர்களும் போய்ப் பார்ப்பது கேரளத்தில் ஊருக்கு ஊர் நடக்கிறது. 2008-லேயே அரசு அதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நான் நர்ஸ் சேச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு போவேன், ரிஜிஸ்டர் எழுதுவேன். படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் தண்ணீர் மெத்தையான வாட்டர் பெட், வீல் சேர் எல்லாம் இரவல் கொடுப்போம். ஒருவர் இறந்துபோனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடுத்தவர் காத்துக் கிடப்பார். அதனால் நோட்டில் இருந்ததை ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. எங்கள் பகுதியில் ஒரே ஆளின் பெயர் தமிழில் ஒரு மாதிரி, மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இரண்டு மாதிரி எழுதப்படும். தமிழர் இனிஷியலை முன்னால் போடுவார், ஆஸ்பத்திரிச் சீட்டில் அது பின்னால் போயிருக்கும். ‘எம். முருகேசன்’, ‘முருகேசன் எம்.’ என்று ஒரே ஆள் இரண்டு வரியில் இருப்பார். சரி, போன் நம்பரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நம்பர். கடைசியில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி எண் கொடுத்தோம். வாட்டர் பெட்டுக்கும் எண் எழுதி ஒட்டினோம். அதன்பிறகு தேடல் நின்றது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், உதவி கேட்பவர்கள் பதிவு செய்யும் கேரளா ரெஸ்க்யூ இணையதளத்துக்கு வந்த கோரிக்கைகளைப் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்தேன். அங்கேயும் இதே கதைதான், ஒரே வீட்டுக்காக மூன்று சொந்தக்காரர்கள் தனித்தனியாகப் பதிந்திருப்பார்கள். அந்தத் தளம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது, அதன் புரோகிராம் கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிறகுதான் இதையே தொழிலாகக் கற்கலாம் என்று ஆசை வந்தது. பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். முதலில் டேட்டாபேஸில் தகவலைத் தேடி எடுக்கும் எஸ்.க்யூ.எல்., பிறகு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். இணைய வகுப்பில் பைத்தான். பாடம் பார்க்கக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம்.

பயோடேட்டா போட்டால் யாரும் கூப்பிடவில்லை. எங்களுடன் ஹோம் கேருக்கு வரும் ஐ.டி. அக்கா ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். “ரிஜிஸ்டர் வேலையை ஏன் கடைசியில், ‘சமூக சேவை’ன்னு ஒத்தை வரியில போட்டிருக்கே? மேலே தூக்கு” என்றார். எது குழப்பமாக இருந்தது, எப்படிச் சரிசெய்தேன், யார் பயன்படுத்துகிறார்கள் என்று நாலு வரி எழுதினேன். மாதிரிக்குக் காட்ட ஷீட்டின் நகல் ஒன்றையும் பொய்ப் பெயர்கள் போட்டுத் தயாரித்தேன். நோயாளியின் பெயரோ வியாதியோ வெளியே போகவே கூடாது.

கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி, மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் பேசினேன். திரையில் ஒரு பதிவுப் படிவத்தைக் காட்டி, “இதை டெஸ்ட் பண்ணுங்க” என்றார்கள். இனிஷியலை முன்னால் போட்டு ஒருமுறை, பின்னால் போட்டு ஒருமுறை, அப்புறம் ஒரே போன் நம்பரில் இரண்டு பேர். இரண்டாவது ஆளைச் சேமித்ததும் முதல் ஆளின் விவரம் அழிந்தது. கேள்வி கேட்டவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இது எப்படித் தோணுச்சு?” என்றார். வாட்டர் பெட் கதை முழுவதையும் தமிழிலேயே சொன்னேன்.

முதல் வருடச் சம்பளம் குடோனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வேலந்தாவளத்திலிருந்து உக்கடம், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று அலைச்சலும் உண்டு. இப்போது செலினியம் என்ற கருவியில் ஆட்டோமேஷன், அதாவது டெஸ்டிங்கைத் தானாகச் செய்யும் புரோகிராம், எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் வர முடியாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார்.