‘லிஸ்தா’வும் நம்ம ‘இருக்கு’ம்

பூம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். போன டிசம்பரில் ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்து பத்து நாள் தங்கினார்கள். அதற்கு முன்பே நான்கு மாதமாக போனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன்.

மன்னவனூர் போக ஜீப் வந்து நின்றது. ‘நான் ரெடி’ என்று சொல்ல நினைத்து ‘சோய் லிஸ்தா’ என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை. கிளம்பணும்னா எஸ்தோய் லிஸ்தா’ என்று சொல்லித் தந்தார்.

லிஸ்தோ, பெண்பாலுக்கு லிஸ்தா. ‘செர்’ என்ற வினையோடு (நான் என்றால் சோய், அவள் அல்லது அது என்றால் எஸ்) வந்தால் கெட்டிக்காரத்தனம்; ‘எஸ்தார்’ வினையோடு (எஸ்தோய், எஸ்தா) வந்தால் தயார். ஆங்கிலம் வழியாகப் படித்த எனக்கு இரண்டும் ஒரே ‘ஈஸ்’.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் அடுப்பில் அவர்கள் ஊர்ப் பூண்டு சூப் வைத்தார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டுதான். பல்லை மெலிதாகச் சீவி எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மிளகாய்த்தூள் தூவித் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் முட்டையை உடைத்து விட்டார். வீடே மணத்தது. ‘சூப் ரெடியா இருக்கு, வா’ என்று என் மகளைக் கூப்பிட்டேன். சொன்னதும் எனக்கே பொறி தட்டியது. இருக்கு! அதுதான் எஸ்தா லிஸ்தா. ‘என் மகள் கெட்டிக்காரி’ என்பதில் ‘இருக்கு’ வராது, வினையே கிடையாது. அது எஸ் லிஸ்தா. எத்தனை பாடம் கேட்டும் பிடிபடாதது என் வாயிலேயே இருந்திருக்கிறது.

‘ரிகோ’வையும் வைத்துப் பார்த்தேன். சூப் ருசியா இருக்கு: எஸ்தா ரிகா. அவர் பணக்காரர்: எஸ் ரிகோ. சரியாகப் பொருந்தியது. மாட்ரிட் ஸ்பெயினில் இருக்கு, அதுவும் எஸ்தா.

எல்லா இடத்திலும் இது ஓடாது. ‘அவ உயரமா இருக்கா’ என்போம். அங்கே எஸ் அல்தா, செர் தான். ‘டீ இருக்கா’ என்று கேட்க ‘ஐ’ என்று வேறொரு சொல். ஆனாலும் நான் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானிஷுக்குப் போகிறேன். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஊருக்குக் கிளம்பிய காலை, அம்மாவும் மகளும் பையோடு வாசலில் நின்று ‘எஸ்தாமோஸ் லிஸ்தாஸ்’ என்றார்கள். நாங்கள் தயார், இருவரும் பெண்கள் என்பதால் லிஸ்தாஸ். அப்புறம் டிரைவர் அண்ணன் வந்து வண்டியில் ஏறினார். ஒரே ஒரு ஆண் சேர்ந்தாலும் சொல் மாறிவிடும். நான் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து, ‘இப்போ லிஸ்தோஸ்’ என்றேன்.