சுவரில் இல்லாத ஓவியங்களும் துர்ரோவின் மேட்டுக் கோயிலும்

பைரனீஸ் மலையின் ஸ்பெயின் பக்கம், கத்தலோனியாவின் வடமேற்கு மூலையில் வால் தெ போய் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நடுவில் ஒரு ஆறு, அதன் இரண்டு பக்கமும் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குட்டி ஊர்கள், ஊருக்கு ஒரு கல் தேவாலயம். இவற்றில் ஒன்பதை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாமே 11, 12ஆம் நூற்றாண்டுகளின் ரோமனெஸ்க் பாணி: கனத்த சுவர், அரைவட்ட வளைவு, கை நுழையுமா என்று சந்தேகப்பட வைக்கும் ஒடுக்கமான சன்னல்.

பார்சிலோனாவிலிருந்து காரில் கிளம்பினால் நான்கு மணி நேரம் போல ஆகும். லெய்தா வரை சமவெளி, அப்புறம் மலை.

வருகிறவர்கள் முதலில் ஓடுவது தாவுல் என்ற ஊரில் இருக்கும் சான் கிளிமென் தேவாலயத்துக்கு. நானும் அங்கேதான் முதலில் போனேன். ஆறு நிலைகளோடு ஒல்லியாக எழும் சதுரக் கோபுரம், பின்னால் மலை, புகைப்படத்துக்கென்றே கட்டியது போல இருக்கிறது. 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி இதை அபிஷேகம் செய்தார்கள் என்று உள்ளே தூணிலேயே எழுதிவைத்திருந்ததால் நாள் வரைக்கும் தெரிகிறது. செய்தவர் ரோதா மறைமாவட்டத்தின் ஆயர் ராமோன். மறுநாளே அதே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சாந்தா மரியா தேவாலயத்தையும் அவரே அபிஷேகம் செய்திருக்கிறார். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் குளிரில், இரண்டு நாளில் இரண்டு தேவாலயம்! இத்தனை சின்ன ஊருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்றால், இந்தப் பகுதியை ஆண்ட எரில் குடும்பத்தார் அரகோன் அரசரோடு தெற்கே போருக்குப் போய்க் கொண்டுவந்த செல்வம் என்கிறார்கள். வெளிச்சுவரின் மேல்விளிம்பில் வரிசையாக ஓடும் குட்டி வளைவுகளும் சீராக அடுக்கிய சிறு கற்களும் வட இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து பரவிய கட்டுமான முறை.

சரி, உள்ளே போனால் என்ன இருக்கிறது? முக்கியமானது இல்லை. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அரைவட்டக் குழிவில் வரையப்பட்டிருந்த கிறிஸ்து, கையில் ‘நானே உலகின் ஒளி’ என்று லத்தீனில் எழுதிய புத்தகத்தோடு நம்மை நேராகப் பார்க்கும் அந்த உருவம், இப்போது பார்சிலோனாவில் கத்தலோனிய தேசிய கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1907இல் கட்டடக் கலைஞர் பூச் இ கதஃபால்க் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு இந்த மலைகளுக்கு வந்து, யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த ஓவியங்களைப் பதிவு செய்தது. அதைப் படித்தவர்களில் கலைப் பொருள் வியாபாரிகளும் இருந்தார்கள். கொஞ்சம் தெற்கே மூர் என்ற ஊரில் இருந்த தேவாலயத்தின் ஓவியங்களை விலைபேசி எடுத்தார்கள். 1921இல் அவை அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னும் அங்கேதான் இருக்கின்றன. மற்றதும் இப்படிக் கப்பலேறிவிடும் என்று பயந்த பார்சிலோனா அருங்காட்சியக வாரியம், தானே விலைகொடுத்து வாங்கி, 1919 முதல் 1923 வரைக்கும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய் ஓவியங்களைக் கழற்றிக் கொண்டுபோனது. கழற்றியது இத்தாலியிலிருந்து வந்த கைவினைஞர்கள். ஓவியத்தின் மேல் விலங்குப் பசை தடவித் துணியை ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகும்போது வண்ணப் படலம் துணியோடு சேர்ந்து சுவரிலிருந்து உரிந்து வரும். அதைச் சுருட்டிக் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலையிறக்கினார்கள். பைரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து அரைத்த நீலம் இந்த வட்டார ஓவியங்களுக்கே உரியது. அந்த நீலமும் பொதியோடு கீழே போய்விட்டது.

எடுத்தது சரியா தவறா என்று இங்கே வருகிற எல்லோரும் ஒரு வாய் பேசுகிறார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் பாஸ்டனுக்குப் போயிருக்கும், ஆகவே சரிதான் என்பது என் கட்சி. ஆனால் ஊர்க்காரர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

2013 முதல் வெற்றுச் சுவரின் மேல் ஓவியத்தை ஒளியால் வரைந்து காட்டுகிறார்கள். பத்து நிமிடம் போல ஓடுகிறது, கோடு கோடாக முளைத்து, வண்ணம் ஏறி, கடைசியில் முழுக் குழிவும் நிறைந்துவிடுகிறது. இதெல்லாம் சுற்றுலாக் கூத்து என்ற எரிச்சலோடு உட்கார்ந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை அது அருங்காட்சியகத்தைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. இந்தக் கட்டடங்கள் வெறும் கல்லாக இருந்ததே இல்லை. உள்ளே சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும். வெளியிலும் பூசி, கோபுரத்து வளைவுகளுக்குச் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள், அதன் மிச்சம் இன்னும் தெரிகிறது. ‘ஆகா, எவ்வளவு எளிமை, எவ்வளவு தூய்மை’ என்று நாம் உருகும் மொட்டைக் கல் நம் காலத்து ரசனை. 12ஆம் நூற்றாண்டு ஆள் யாராவது வந்து பார்த்தால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களே என்றுதான் நினைப்பார்.

இது தெரிந்தும் எனக்கு அந்தப் பள்ளத்தாக்கில் அதிகம் பிடித்தது மொட்டைக் கல்லாக நிற்கும் சான் கிர்க்தான். துர்ரோ என்ற ஊருக்கு மேலே, சரிவின் விளிம்பில், தனியாக இருக்கும் குட்டிக் கோயில். ஒரே அறை, முடிவில் ஒரு அரைவட்டம், கோபுரம் கிடையாது. மணி தொங்குவதற்குச் சுவரையே கொஞ்சம் உயர்த்தித் துளை விட்டிருக்கிறார்கள், கூரைக்குக் கல் பலகை. நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் இதன் சொத்தும் பார்சிலோனாவில்தான் இருக்கிறது. பீடத்தின் முன்பக்கத்தை மறைக்கும் வண்ணம் தீட்டிய மரப்பலகை அது. நடுவில் தாய் ஜூலித்தா மடியில் குழந்தை கிர்க். சுற்றி நான்கு கட்டங்களில் அவர்களைக் கொடுமைப்படுத்தும் காட்சிகள். ரம்பத்தால் அறுக்கிறார்கள், கொப்பரையில் கொதிக்க வைக்கிறார்கள், தலையில் ஆணி அடிக்கிறார்கள், இதற்கெல்லாம் நடுவில் இரண்டு பேர் முகத்திலும் துளி சலனம் இல்லை. அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் கூட்டமே இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

சான் கிர்க் ஊரைவிட்டு விலகி இருந்தாலும் கைவிடப்பட்ட இடம் இல்லை. ஜூன் நடுவில், அந்தப் புனிதரின் திருநாளை ஒட்டி, துர்ரோக்காரர்கள் இரவில் இங்கேயிருந்துதான் எரியும் மரத் தீப்பந்தங்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊருக்கு ஓடி இறங்குகிறார்கள். ஃபாயெஸ் என்ற இந்த விழா பைரனீஸின் பல ஊர்களில் உண்டு, 2015இல் அதற்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. நான் போனது செப்டம்பரில், அதனால் பார்க்கக் கிடைத்தது புல்மேடும் மாடுகளும்தான்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் மலைக்குப் போங்கள், அருங்காட்சியகத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே இல்லாததையே தேடிக்கொண்டிருப்பீர்கள், கட்டடம் கண்ணில் படாது. துர்ரோவில் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.