ஓடிப் போய்த் திரும்பி வந்த கதை

நாற்பத்தாறு வயதில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடப்போவதாக வீட்டில் சொன்னபோது, என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "அது சரி, ஓடிப் போயிட்டு எப்படித் திரும்பி வருவே?" என்பதுதான். எல்லாரும் சிரித்தோம். பணம் கட்டிப் பதிவு செய்த பிறகே பாதையின் வரைபடத்தைப் பார்த்தேன். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் ஓடுபவர்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் முடிக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் ஓட்டமில்லை அது.

பயிற்சியை ஆகஸ்டில் மெரினாவின் உட்சாலையில் தொடங்கினேன். மயிலாப்பூரில் வீடு என்பதால் கலங்கரை விளக்கம்தான் என் தொடக்கக் கோடு. உழைப்பாளர் சிலை வரை நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்பது முதல் மாத இலக்கு. ஆறு நாள் முயன்றும் விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு இரைத்தது. தினமும் அங்கே ஓடும் பெரியவர் ஒருவர், அறுபத்தைந்து வயதிருக்கும், ஏழாம் நாள் என் பக்கத்தில் வந்து, "அம்மா, இப்போ எங்கிட்ட ரெண்டு வரி பேசுங்க பார்ப்போம்" என்றார். பேச முடியவில்லை. "அப்போ இது உங்க வேகம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து மாதத்தில் நான் பெற்ற பயிற்சியில் உருப்படியானது அந்த ஒரு வாக்கியம்தான். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. ஆவியானால்தானே உடம்பு குளிரும்? வெளியூர்க்காரர்கள் எழுதிய பயிற்சி அட்டவணையில் இருந்த வேகத்தை இங்கே பிடிக்க முயன்றதுதான் என் தவறு. அதன் பிறகு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும் ஓடினேன். வேகமாக நடப்பவர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். செப்டம்பர் கடைசியில் உழைப்பாளர் சிலையைத் தொட்டேன்.

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்தது. தண்ணீர் தேங்கிய சாலையில் எந்தப் பள்ளம் எங்கே என்று தெரியாமல் ஓடுவது முட்டாள்தனம் என்பதால், மழை நாட்களில் எங்கள் அடுக்ககத்தின் நான்கு மாடிப் படிகளை ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை மட்டும் விடவில்லை. 12, 14, 16 கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டு போனதில் டிசம்பரில் ஒரு முறை 18 வரை ஓடினேன். ஈர ஆடை உரசித் தொடையிடுக்கு புண்ணாகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசலினைத் தாராளமாகத் தடவிக்கொண்டு ஓட வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓட்டத்தன்று அதிகாலை மூன்றரைக்குப் பதிவு செய்த வாடகைக் கார் கடைசி நிமிடத்தில் ரத்தாகிவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் பெசன்ட் நகரில் ஒரு தெருவில் நிறுத்தினேன். திரும்பி வரும் வழி அப்போதும் தெரியாது. எண் அட்டையை இரவே பனியனில் நான்கு ஊக்குகளால் குத்தியிருந்தேன். அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் சிப், தரைவிரிப்பு போன்ற உணரியைக் கடக்கும்போதுதான் நம் நேரக் கணக்கைத் தொடங்குகிறது என்பதால், கூட்டத்தில் பின்னால் நின்று ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியதில் நட்டமொன்றுமில்லை.

திருவான்மியூர் வரை இருட்டு. கொடி கட்டிக்கொண்டு சீரான வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டும் பேசரின் முதுகைப் பார்த்தபடியே நீலாங்கரையைக் கடந்தேன். இஞ்சம்பாக்கம் அருகே விடிந்தது. தெற்கு நோக்கி ஓடுவதால் வெயில் முழுவதும் இடது கன்னத்தில்தான் விழுந்தது. அக்கரைக்குப் பிறகு பேசரின் கொடி கண்ணிலிருந்து மறைந்தது. ஒரு தண்ணீர்ப் பந்தலில் பள்ளிச் சிறுமி ஒருத்தி ஆரஞ்சுச் சுளையில் உப்புத் தொட்டுக் கொடுத்தாள். வியர்வையில் போகும் உப்பை நாக்கு எப்படிக் கேட்கும் என்பது அந்தச் சுளையில்தான் எனக்குத் தெரிந்தது. உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வலது ஆடுதசை இழுத்துப் பிடித்தது. நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். பெருமைக்குரிய காட்சி அல்ல. 2 மணி 51 நிமிடத்தில் முடித்தேன்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடியே சாலைக்கு வந்து, போக்குவரத்து திறந்த பிறகு வந்த மாநகரப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் பதக்கத்தையும் உப்புப் பூத்த என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கேருந்து ஓடி வந்தீங்கம்மா?"

"பெசன்ட் நகர்லேருந்து."

"இப்போ எங்கே போகணும்?"

"பெசன்ட் நகர்தான். வண்டி அங்கே நிக்குது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருவான்மியூரில் இறங்கும்போது படிகளில் பக்கவாட்டாகக் கால் வைத்து ஒவ்வொன்றாக இறங்க வேண்டியிருந்தது. கடைசிப் படியிலிருந்து என் கால் தரையைத் தொடும்வரை விசில் ஊதாமல் காத்திருந்தார்.